பையில் அடங்கும் உயர்தரக் கேமரா வைத்திருப்பவர்களே, நம் பக்கத்துத் தூசிக்கும் கூத்து வெளிச்சத்துக்கும் எது தாங்குகிறது?

நல்லம்பள்ளிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். சின்னத் தோள்பையில் அடங்குகிற, ஆனால் உள்ளே பெரிய சென்சார் (படத்தைப் பதியும் சில்லு) உள்ள கேமரா ஒன்று வாங்கப் பார்க்கிறேன். சோனி ஆர்எக்ஸ்100 வரிசை, கேனன் ஜி7 எக்ஸ், பானசோனிக் எல்எக்ஸ்100, ரிக்கோ ஜிஆர், ஃபுஜி எக்ஸ்100 இவைதான் மனதில் இருக்கின்றன. லென்ஸ் மாற்றும் பெரிய கேமரா வேண்டாம். வேலை முடிந்து பைக்கில் அப்படியே கிளம்பும்போது கூடவே வர வேண்டும். தனியாக ஒரு கேமரா பை தூக்க வேண்டும் என்றால் பாதி நாள் அது பீரோவிலேயே தூங்கும்.

எடுக்கப் போவது ஊர்த் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்து, ஏரிக்கரையிலும் கொல்லையிலும் கவனிப்பாரின்றி நிற்கும் நடுகற்கள், உறவினர் வந்தால் ஒகேனக்கல். யூடியூபில் பார்க்கும் விமர்சனங்களெல்லாம் டோக்கியோ தெருவிலும் லண்டன் மழையிலும் எடுத்தவை. நம் தருமபுரி, கிருஷ்ணகிரிச் செம்மண்ணில் வைத்துப் புழங்கியவர்கள் சொல்வதுதான் எனக்கு வேண்டும். வாங்கி ஒரு வருஷமாவது ஆனவர்கள் தயவுசெய்து விரிவாக எழுதுங்கள்.

ஸ்டுடியோ பழைய கை (தருமபுரி)

தம்பி, நல்ல கேள்வி. முதலில் ஒரு பழைய சங்கதி. கேனன் 2008-இல் ஜி10 கொண்டுவந்தது, 14.7 மெகாபிக்சல். அடுத்த ஆண்டு வந்த ஜி11-இல் அதை 10 ஆகக் குறைத்தார்கள். அதே 10 மெகாபிக்சல் சென்சாரைச் சட்டைப்பை அளவில் எஸ்90-இலும் போட்டார்கள். மெகாபிக்சல் எண்ணை வைத்தே எல்லோரும் விற்றுக்கொண்டிருந்த காலத்தில் ஒரு கம்பெனி தானாக இறங்கி வந்தது பெரிய விஷயம். இருட்டில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வருவதைக் குறைக்கத்தான் அது. நான் எஸ்90 வைத்திருந்தேன். லென்ஸைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும், அதைத் திருகி ஐஎஸ்ஓவையோ (சென்சாரின் ஒளி உணர்வு) அபெர்ச்சரையோ (லென்ஸ் திறப்பின் அளவு) மாற்றலாம். கைக்கு அவ்வளவு இதமான சின்னக் கேமரா அதற்கு முன் நான் பிடித்ததில்லை.

ஜி11, எஸ்90 இரண்டின் சென்சார் பரப்பு சுமார் 43 சதுர மில்லிமீட்டர். 2012-இல் வந்த ஆர்எக்ஸ்100-இன் ஒரு அங்குல வகை சென்சார் (பெயரில்தான் அங்குலம்) 13.2க்கு 8.8 மிமீ, அதாவது 116 சதுர மிமீ. ரிக்கோ ஜிஆரிலும் எக்ஸ்100-இலும் இருக்கும் ஏபிஎஸ்-சி வகை சென்சார் சுமார் 370. பரப்பு கூடக் கூட இருட்டில் படம் நன்றாக வரும். இந்த மூன்று எண்களை மனதில் வைத்துக்கொண்டால் விளம்பரத்தில் பாதியைப் படிக்கவே வேண்டாம்.

இன்னொன்று. ஆர்எக்ஸ்100 படம் 5472க்கு 3648 பிக்சல். அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தால் 18க்கு 12 அங்குலம். நம் ஸ்டுடியோக்களில் கல்யாண ஆல்பத்தின் ஒரு பக்கம் அச்சாக அதே அளவு. சட்டைப்பையிலிருந்து எடுத்த கேமராவில் ஆல்பத்தின் முழுப் பக்கம் அச்சிட முடியும் என்பதை நான் பிரிண்ட் போட்டுப் பார்த்த பிறகுதான் முழுதாக நம்பினேன்.

ஓசூர் ஷிஃப்ட்

நான் கொஞ்சம் எதிர்த்துப் பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இப்போது ஃபோனிலேயே ஒரு அங்குல வகை சென்சார் வந்துவிட்டது. ஷாவ்மி, விவோ இரண்டும் 2022-லிருந்தே அப்படி விற்கின்றன. நான் வைத்திருப்பதும் அந்த ரகம்தான். கெலவரப்பள்ளி அணையில் சூரியன் இறங்கும்போது எடுத்த படத்தை ஃப்ளெக்ஸ் பேனர் அளவுக்குப் பெரிதாக்கி வீட்டில் மாட்டியிருக்கிறேன். வருபவர்கள் எல்லோரும் எந்தக் கேமரா என்றுதான் கேட்கிறார்கள். எடுத்த நிமிடமே அம்மாவுக்கு அனுப்பலாம், தனிச் சார்ஜர் வேண்டாம், மெமரி கார்டு வேண்டாம். இரண்டு பொருளை எதற்குச் சுமக்க வேண்டும்?

காரிமங்கலம் கூத்துக்கொட்டாய்

ஓசூர் நண்பரே, அணைக்கரை அந்திக்கு உங்கள் ஃபோன் போதும், அதில் எனக்கு மறுப்பில்லை. கூத்துக்கு வாங்க, பேசுவோம்.

எங்கள் பக்கத்தில் அர்ச்சுனன் தபசு, துகிலுரிதல், படுகளம் என்று பாரதக் கூத்து நாள் கணக்கில் நடக்கும். மேடை என்றால் நாலு மூங்கில், ஒரு பந்தல். முன்னாலிருந்து இரண்டு எல்இடி ஃபோகஸ் லைட் அடிப்பார்கள், பின்னால் கும்மிருட்டு. திரைக்கு மேல் கிரீடம் மட்டும் தெரிய ஆரம்பிக்கும், திரை விலகியதும் வேஷக்காரர் சுழன்று ஆடியபடி வருவார். அந்தச் சில நொடிதான் படம். ஃபோன் அந்த இடத்தில் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. ஆள் நின்றால் சரி. சுழலும்போது புஜக்கட்டையின் ஓரம் இரண்டாகத் தெரியும், கிரீடத்துக் கண்ணாடிச் சில்லுகள் குழைந்துபோகும். அதைவிட எனக்குப் பொறுக்காதது முகம். அரிதாரத்தில் புருவத்துக்கு மேல் வைக்கும் வெள்ளைப் புள்ளிகள், கன்னத்தில் வியர்வை வழிந்து சிவப்பு கரைந்த கோடு, இவற்றையெல்லாம் ஃபோன் இரைச்சல் என்று நினைத்து வழித்துத் துடைத்துவிடுகிறது. ராத்திரி மூன்று மணிக்கு அந்த முகத்தில் இருக்கிற களைப்புதானே கூத்து! அதைத் துடைத்துவிட்டால் காலண்டர் படம்தான் மிஞ்சும்.

நான் வைத்திருப்பது ஆர்எக்ஸ்100 மூன்றாவது மாடல், 2014-இல் வந்தது. ஜூம் 24-70 மிமீ, லென்ஸ் திறப்பு எஃப் 1.8-லிருந்து 2.8 (எஃப் எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம்). முதல் இரண்டு மாடல்களில் 28-100, ஜூம் முழுக்கப் போனால் எஃப் 4.9. எஃப் 2.8-இல் நுழைகிற வெளிச்சம் எஃப் 4.9-இல் நுழைவதைப் போல் மூன்று மடங்கு. கூத்துக்கு இந்த ஒரு கணக்குதான் முக்கியம். கூட்டத்தில் தரையில் உட்கார்ந்தபடி 70-க்கு இழுத்து, ஐஎஸ்ஓ 1600, சில நேரம் 3200, ஷட்டர் நொடியில் நூறில் ஒன்று. ரா ஃபைலாக (கேமரா திருத்தாத மூலப் படமாக) எடுத்து வீட்டில் பொறுமையாக வெளிச்சம் ஏற்றுவேன். எக்ஸ்போஷரை எப்போதும் முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதி) குறைத்தே வைக்கிறேன், இல்லாவிட்டால் ஃபோகஸ் லைட்டில் முகம் வெள்ளையாக அடித்துப் போகும், பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

ஷட்டர் சத்தமே இல்லை என்பது கூடுதல் லாபம். முகவீணைக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்து எடுத்தாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பெரிய கேமராவோடு போனால் டிவிக்காரர் வந்துவிட்டார் என்று கட்டியங்காரன் நம்மைப் பார்த்தே வசனம் பேச ஆரம்பித்துவிடுவார்.

நல்லம்பள்ளிக்காரன்

அண்ணா, மிகவும் நன்றி. நூறில் ஒன்று என்று குறிப்பாகச் சொன்னீர்களே, ஏன்? நண்பர் எடுத்த படங்களில் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு விழுந்திருந்தது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

காரிமங்கலம் கூத்துக்கொட்டாய்

அதேதான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் மட்டமான எல்இடியும் டியூப்லைட்டும் நொடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கும். ஷட்டரை நூறில் ஒன்று அல்லது ஐம்பதில் ஒன்று என வைத்தால் முழுச் சுற்று உள்ளே வந்துவிடும், பட்டை விழாது. உங்கள் நண்பர் பெரும்பாலும் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்திருப்பார், அதில்தான் பட்டை அதிகம். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றச் சொல்லுங்கள். இந்த ரகக் கேமராக்களில் லென்ஸுக்குள்ளேயே இலை ஷட்டர் இருப்பதால் அதுவே கிட்டத்தட்ட ஓசையில்லாததுதான்.

பர்கூர் பாறை

எல்லோரும் நல்லதையே சொல்கிறீர்கள். நான் தூசியைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் கேட்டவர் தலைப்பிலேயே அதைத்தான் வைத்திருக்கிறார்.

எங்கள் பக்கம் கிரானைட் குவாரி. லாரி போனால் சாலையோரத்துப் புளியமரம் சாம்பல் நிறமாகிவிடும். என்னிடம் இருந்த ஜூம் லென்ஸ் கேமராவின் பெயரைச் சொல்ல வேண்டாம், எல்லாக் கம்பெனியும் இதே அமைப்புதான். பொத்தானை அழுத்தினால் லென்ஸ் குழல் அடுக்கடுக்காக வெளியே நீளும், அணைத்தால் உள்ளே போகும். நீளும்போது உள்ளே இடம் பெருகுகிறது, வெளிக்காற்று இடுக்கு வழியாக உள்ளே இழுக்கப்படுகிறது. பைக்குக் காற்றடிக்கும் பம்பின் வேலைதான், காற்றோடு மாவு போன்ற தூசியும் சேர்ந்து போகிறது. லென்ஸ் மாற்றும் கேமராவில் லென்ஸைக் கழற்றி ஊதிவிடலாம். இதில் கழற்ற முடியாது. சென்சாரில் ஒட்டிய தூசி சர்வீஸில் பிரித்தால்தான் போகும். அதற்குப் பெங்களூருவுக்கோ சென்னைக்கோ அனுப்பிக் காத்திருக்க வேண்டும்.

எருது விடும் விழாவில் எடுத்த படங்களில்தான் முதலில் கண்டேன். வானத்தில் மேல் வலது மூலையில் ஒரு சாம்பல் வட்டம். எல்லாப் படத்திலும் அதே இடம். அதற்குப் பிறகு நான் பழகிக்கொண்டவை இவை. தூசி பறக்கிற இடத்தில் அடிக்கடி ஆன், ஆஃப் செய்வதில்லை. தானாக அணையும் நேரத்தை நீட்டி வைத்துவிடுவேன், லென்ஸ் ஒருமுறை வெளியே வந்தால் வேலை முடியும் வரை வெளியிலேயே இருக்கட்டும். எடுத்த படத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஆன் பொத்தானைத் தொடாமல் ப்ளே பொத்தானை அழுத்துவேன். சோனி, கேனன் இரண்டிலும் அப்படிச் செய்தால் லென்ஸ் நீளாமலே திரை எரியும். பேன்ட் பாக்கெட்டில் வைக்கவே மாட்டேன், துணிப்பஞ்சும் மண்ணும் அங்குதான் அதிகம். ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு அதைப் பைக்குள் வைக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, லென்ஸ் உள்ளே இருக்கும்போதே குழல் இடுக்கை மெல்லிய பிரஷால் சுற்றித் துடைத்து, ரப்பர் ஊதுகுழலால் ஊதிவிடுகிறேன். வாயால் ஊதக் கூடாது, எச்சில் தெறிக்கும்.

ஏற்கெனவே தூசி விழுந்துவிட்டதா? எஃப் எண்ணை 4-க்குள் வைத்து எடுங்கள், வட்டம் கலங்கிக் கண்ணுக்குத் தெரியாமல் போகும். ஒரு அங்குல சென்சாருக்கு எஃப் 8-ஐத் தாண்டுவதால் கூர்மை குறையத்தான் செய்யும், அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. லென்ஸ் முன்னால் வாக்குவம் கிளீனர் வைத்து உறிஞ்சும் வித்தை ஒன்று இணையத்தில் சுற்றுகிறது. குழலின் மெல்லிய பற்சக்கரங்கள் அந்த இழுப்புக்குச் செய்யப்பட்டவை அல்ல. யாரும் செய்யாதீர்கள்.

என் தீர்ப்பு: நம் இரண்டு மாவட்டத்துக்கும் லென்ஸ் நீளாத கேமராதான் நிம்மதி. எக்ஸ்100 வரிசையில் லென்ஸ் நின்ற இடத்தில் நிற்கும். 2020-இல் வந்த எக்ஸ்100வி, 2024-இல் வந்த எக்ஸ்100 6 இரண்டிலும் முன்னால் வளையமும் ஃபில்டரும் மாட்டினால் தூசி, தூறல் தாங்கும் அமைப்பு முழுமையாகும். அந்த ஃபில்டரை முதல் நாளே மாட்டிவிட வேண்டும், வேண்டும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

சந்தூர் மாந்தோப்பு

தூசி பற்றி பர்கூர் அண்ணா சொன்னது அத்தனையும் உண்மை. நான் வேறு உபயோகம் சொல்கிறேன். எங்களுக்கு மாந்தோப்பு, பெங்களூராவும் செந்தூராவும் அதிகம், கொஞ்சம் அல்போன்சா. தை, மாசியில் பூ எடுக்கும்போது தத்துப்பூச்சி வரும். பூங்கொத்துக் காம்பில் சாம்பலும் பச்சையுமாக ஒட்டிக்கொண்டிருக்கும், கிட்டப் போனால் பட்டென்று தாவிவிடும். அது விடும் இனிப்புக் கழிவில் கரும்பூசணம் பிடித்து இலை கறுத்துவிடும். தோட்டக்கலை அலுவலரிடம் காட்ட ஃபோனில் எடுத்தால் பூச்சி ஒரு புள்ளி, என்ன பூச்சி என்று அவராலும் சொல்ல முடியாது.

ஜி7 எக்ஸ் மார்க் 2 வாங்கிய பிறகு அந்தக் கஷ்டம் தீர்ந்தது. அகலக் கோணத்தில் 5 சென்டிமீட்டர் வரை கிட்டப் போகலாம். ஒரு சங்கடம் உண்டு, அவ்வளவு நெருங்கினால் லென்ஸின் நிழலே பூங்கொத்தில் விழும். அதனால் காலையில் வெயில் சாய்ந்து வரும்போது, வெயிலுக்குப் பக்கவாட்டில் நின்று எடுப்பேன். திரை மேலே மடங்குவதால் கிளைக்கு அடியில் கேமராவை நீட்டி, குனியாமலே இலையின் அடிப்பக்கத்தைப் பார்க்க முடிகிறது. எனக்குக் கேமராவிலேயே பிடித்தது அந்த மடங்கும் திரைதான்.

வியாபாரிக்குப் பழத்தின் படம் அனுப்புவோர் ஒன்றைக் கவனியுங்கள். மரநிழலில் வைட் பேலன்ஸை (வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) ஆட்டோவில் விட்டால் செந்தூராவின் சிவப்பு பழுப்பாகிவிடும், இலைப் பச்சை எல்லாவற்றின் மேலும் படிந்துவிடும். ஒரு வெள்ளைத் தாளை அதே நிழலில் பிடித்து, அதை வைத்து வைட் பேலன்ஸ் அமைத்துக்கொண்டால் நிறம் நேரில் பார்ப்பது போலவே வரும். நிறம் தப்பினால் விலை பேசும்போது வாக்குவாதம்தான்.

ஃபோனுக்கு வைஃபையில் அனுப்புவது எனக்குப் பொறுமையைச் சோதிக்கிறது. ஃபோனில் செருகும் சின்னக் கார்டு ரீடர் வாங்கிக்கொள்ளுங்கள், நொடியில் முடியும்.

ஓசூர் ஷிஃப்ட்

அக்கா, தோட்டத்துக்கு நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். கூத்துக்கும் சரி. வெளியூர்ப் பயணத்துக்கு இன்னும் ஃபோன் கட்சிதான். பேட்டரியைப் பற்றி யாருமே பேசவில்லையே?

போச்சம்பள்ளி ஞாயிறு

பேட்டரி பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் அதில் மோசமானது என் கையில் இருப்பதுதான். ரிக்கோ ஜிஆர் 3, கம்பெனி கணக்கிலேயே ஒரு சார்ஜுக்குச் சுமார் 200 படம். ஆர்எக்ஸ்100 மூன்றாவது மாடலுக்கு 320 என்று போட்டிருக்கிறார்கள், அதே வரிசையின் ஆறாவது மாடலுக்கு 240. புது மாடல் என்பதற்காகப் பேட்டரி கூடிவிடாது. எந்தக் கேமரா வாங்கினாலும் கூடுதல் பேட்டரி இரண்டு, அப்புறம் பவர் பேங்க். ஜிஆர் 3 யுஎஸ்பி-சி, ஃபோன் வயரே போதும்.

ஆனாலும் இதை நான் விடமாட்டேன். போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தைக்கு வந்திருப்பவர்களுக்குத் தெரியும், நெருக்கியடிக்கும் கூட்டம். ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவர், துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறவர்கள், கருவாட்டுக் கடையில் ஈ ஓட்டும் பாட்டி. ஃபோகஸ் வாங்கிவிட்டு அழுத்துவதற்குள் அந்த நிமிடம் போய்விடும். ஜிஆரில் ஸ்னாப் ஃபோகஸ் உண்டு. தூரத்தை 2.5 மீட்டர், அபெர்ச்சரை எஃப் 8 என்று வைத்துவிட்டால், ஒன்றேகால் மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாம் கூர்மை. ஷட்டரை ஒரே அழுத்தாக அழுத்தினால் ஃபோகஸ் தேடாமல் உடனே எடுக்கும். இடுப்புயரத்தில் பிடித்தே எடுக்கலாம். எடுத்த பிறகு படத்தைக் காட்டி அவர்களிடம் பேசிவிடுவது என் வழக்கம். வேண்டாம் என்றால் அவர்கள் முன்னாலேயே அழித்துவிடுவேன்.

குறைகள்: ஜூம் கிடையாது, 28 மிமீ ஒன்றுதான். 2021-இல் வந்த 3எக்ஸ் மாடல் என்றால் 40. ஃபிளாஷ் இல்லை. திரை மடங்காது. லென்ஸ் வெளியே நீளும் ரகம், ஆகவே பர்கூர்க்காரர் சொன்ன தூசிப் பயம் இதற்கும் உண்டு. சந்தையில் மண் பறக்காத காலை நேரத்திலேயே என் வேலையை முடித்துவிடுகிறேன்.

பென்னாகரம் மடுவு

ஒகேனக்கல் பற்றிக் கேட்டீர்கள். அங்கே பிரச்சினை தூசி இல்லை, சாரல். பிரதான அருவிக்கு எதிரே நின்றால் லென்ஸில் முத்து முத்தாகத் துளி விழும். மைக்ரோஃபைபர் துணி ஒன்று போதாது, நனைந்த துணி எண்ணெய் போல இழுவிவிடும். மூன்று நான்கு உலர்ந்த துணி தனிக் கவரில் வைத்திருங்கள். துடைத்ததும் கேமராவை நெஞ்சோடு அணைத்துத் திரும்பி நின்று எல்லாம் செட் செய்துவிட்டு, சட்டென்று அருவிப் பக்கம் திரும்பி எடுத்துவிட்டு மறுபடி திரும்பிவிட வேண்டும்.

தண்ணீர் பட்டு நூல் போல விழுகிற படம் எல்லோருக்கும் ஆசை. ஆர்எக்ஸ்100 மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது மாடல்களிலும் ஜி7 எக்ஸிலும் வெளிச்சத்தை மூன்று ஸ்டாப் குறைக்கும் என்டி ஃபில்டர் உள்ளேயே இருக்கிறது. ஆர்எக்ஸ்100 ஆறாவதில் எடுத்துவிட்டார்கள், எல்எக்ஸ்100-இல் கிடையாது. ஜிஆர் 3-இல் இரண்டு ஸ்டாப், எக்ஸ்100வியில் நான்கு. ஆனால் உச்சி வெயிலில் மூன்று ஸ்டாப் போதவே போதாது. ஐஎஸ்ஓ 125, எஃப் 8 என்றால் சுள்ளென்ற வெயிலில் ஷட்டர் ஐநூறில் ஒன்று. மூன்று ஸ்டாப் குறைத்தால் அறுபதில் ஒன்று. நூலாக வேண்டுமென்றால் நான்கில் ஒன்றோ எட்டில் ஒன்றோ வேண்டும். ஆகவே மேகமூட்டமான நாள், இல்லையென்றால் வெயில் பாறைக்குப் பின்னால் இறங்கிய பிறகு. காலை பதினொரு மணிக்கு வந்து படம் வரவில்லையென்று கேமராவைக் குறை சொல்லிவிட்டுப் போகிறவர்களை வாராவாரம் பார்க்கிறேன்.

ஆடி மாதம் கர்நாடக அணைகளிலிருந்து தண்ணீர் திறந்து காவிரி செந்நிறமாகப் புரண்டு வரும்போது நூலாக்கவே கூடாது. ஆயிரத்தில் ஒன்று வைத்து, அலை பாறையில் மோதித் தெறிக்கிற அந்த வேகத்தை அப்படியே பிடியுங்கள். அது ஒகேனக்கல்லின் உண்மையான முகம். வரத்து அதிகமானால் பரிசலுக்குத் தடை போட்டுவிடுவார்கள், கிளம்பும் முன் செய்தி பார்த்துக்கொள்ளுங்கள்.

பரிசலில் ஏறினால் மணிக்கட்டுப் பட்டை கட்டாயம். சின்னாறு துறையிலிருந்து மணல்மேடு போகும் வழியில் பரிசல்காரர் ஒரு சுழற்று சுழற்றுவார், அப்போது இரண்டு கையும் கயிற்றிலோ விளிம்பிலோ இருக்கும். அப்புறம், ஏசி காரிலிருந்து இறங்கியதும் கேமராவை வெளியே எடுத்தால் லென்ஸ் மூடுபனி போலப் பூத்துவிடும். பைக்குள்ளேயே கொஞ்ச நேரம் வெளிச் சூட்டுக்குப் பழகட்டும்.

நடுகல் நாடோடி

தாமதமாக வருகிறேன், ஆனால் நடுகல் என்று பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி போல நடுகல் நிறைந்த பகுதி தமிழ்நாட்டில் அபூர்வம். தொறு (மாட்டுமந்தை) மீட்டுப் பட்ட வீரன், கையில் வில், இடுப்பில் குறுவாள், மேலே பழைய வட்டெழுத்தில் இரண்டு மூன்று வரி. ஆயிரம் ஆண்டுக்கு மேல் வெயிலும் மழையும் தின்ற எழுத்து. பகலில் நேராக நின்று எடுத்தால் வெறும் கல்தான் தெரியும்.

எழுத்து தெரிய வேண்டுமென்று சாக்பீஸ் தேய்ப்பார்கள், மாவு பூசுவார்கள், சிலர் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தே விடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், செய்பவர்களையும் தடுங்கள். கல்லின் மேற்பரப்பு உதிர்ந்தால் எழுத்தும் சேர்ந்து போய்விடும், பிறகு எந்த ஆய்வாளர் வந்தாலும் படிக்க ஒன்றும் இருக்காது. நமக்குத் தேவை வெளிச்சம் மட்டும்தான், அதுவும் பக்கவாட்டில்.

நான் செய்வது இது. பொழுது சாய்ந்து இருட்டு கவிய ஆரம்பிக்கும்போது போவேன். கேமராவைச் சின்ன ஸ்டாண்டில், கல்லுக்கு நேர் எதிரே, சாயாமல் வைப்பேன். சென்சாரும் கல்லும் இணையாக இருந்தால்தான் எழுத்தின் அளவு கோணாது. ஜூமை 50 மிமீக்கு மேல் வைக்கிறேன், 24-இல் வைத்தால் ஓரம் வளையும். ஐஎஸ்ஓ 125, எஃப் 5.6, ஷட்டர் 2 விநாடி, செல்ஃப் டைமர். ஷட்டர் திறந்திருக்கும்போது ஃபோன் டார்ச்சைக் கல்லின் இடது விளிம்பில், பரப்போடு ஒட்டினாற்போல் பிடிப்பேன். வெளிச்சம் கல்லைத் தடவிக்கொண்டு போகும், ஒவ்வொரு வெட்டின் பள்ளத்திலும் நிழல் விழும். அடுத்த படம் வலதுபுறம், அடுத்தது மேலே, அடுத்தது கீழே. ஒரு கோணத்தில் மறைந்த எழுத்து இன்னொன்றில் எழுந்து வரும். இடப்புற வெளிச்சத்தில் வெறும் கீறலாகக் கிடந்தது மேலிருந்து பிடித்ததும் சுழியோடு முழு எழுத்தாக நின்றதைப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. நான்கு படத்தையும் ரா ஃபைலாக வைத்துக்கொள்ளுங்கள். அளவுக்கு ஒரு ஸ்கேலையும் ஓரத்தில் வைத்து ஒரு படம் எடுங்கள்.

இதற்கு எக்ஸ்100-ஐவிட ஜூம் உள்ளதே வசதி என்பது என் அனுபவம். பல கற்கள் முள்ளுக்கும் வேலிக்கும் நடுவில் இருக்கும், கிட்டப் போக முடியாது. நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். பல ஊர்களில் அது வெறும் கல் அல்ல, கும்பிடும் சாமி. செருப்பைக் கழற்றிவிட்டு எடுப்பதில் ஒன்றும் குறைந்துவிடாது.

அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்து ஓவியங்கள் பற்றியும் ஒரு வார்த்தை. அனுமதி கிடைத்தாலும் ஃபிளாஷ் வேண்டாம், பழைய வண்ணத்துக்கு அது ஆகாது. அங்கே எஃப் 1.8 லென்ஸும் கை நடுக்கத்தைத் தாங்கும் அமைப்பும்தான் துணை.

நல்லம்பள்ளிக்காரன்

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. படித்துப் படித்து முடிவுக்கு வந்துவிட்டேன். கூத்தும் நடுகல்லும்தான் எனக்கு முதல், அதனால் 24-70, எஃப் 1.8-2.8 ரகம். தூசிக்குப் பர்கூர் அண்ணா சொன்ன கட்டுப்பாடுகளை அப்படியே கடைப்பிடிக்கிறேன். புதிது வாங்கக் கட்டுப்படியாகவில்லை. ஓசூரில் ஒருவர் பழைய ஆர்எக்ஸ்100 மூன்றாவது மாடல் விற்பதாகச் சொல்கிறார். நேரில் போய் எதைப் பார்க்க வேண்டும்?

ஸ்டுடியோ பழைய கை (தருமபுரி)

தம்பி, சோதித்துப் பார்க்க விற்பவரிடம் அரை மணி நேரம் கேள், அவசரப்படாதே. நல்லவராக இருந்தால் தருவார்.

முதலில் தூசி. அபெர்ச்சரை எஃப் 11-க்கு மூடி, வெளிறிய வானத்தையோ வெள்ளைச் சுவரையோ ஃபோகஸ் இல்லாமல் எடு. 24-இல் ஒன்று, 70-இல் ஒன்று. இரண்டிலும் கரும்புள்ளி ஒரே இடத்தில் இருந்தால் சென்சாரில் தூசி, வாங்காதே. அடுத்து லென்ஸ் கோணலா என்று பார். கீழே விழுந்த கேமராவை வெளியே துடைத்துப் பளபளவென்று காட்டலாம், லென்ஸ் காட்டிக்கொடுத்துவிடும். செய்தித்தாளைச் சுவரில் விரித்து ஒட்டி, நேராக நின்று, எஃப் 1.8-இல் எடு. நான்கு மூலை எழுத்துகளையும் பெரிதாக்கிப் பார். நான்கும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் பரவாயில்லை. ஒரு மூலை மட்டும் கலங்கினால் விழுந்த கேமரா. கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூ ஃபைண்டர் மேலே எழும்பி இறங்க வேண்டும், ஃபிளாஷ் எழும்ப வேண்டும், திரையை மடக்கி விரிக்கும்போது படம் துடிக்கக் கூடாது. லென்ஸ் முன்னாலுள்ள மூடி இதழ்கள் முழுதாகத் திறக்கின்றனவா என்றும் பார். பேட்டரி உப்பியிருக்கிறதா என்று மேசை மேல் வைத்து உருட்டிப் பார்த்தால் தெரியும்.

இன்னொன்று சொல்கிறேன். அந்தச் சின்ன ஃபிளாஷை விரலால் பின்னுக்குச் சாய்த்துப் பிடித்தால் வெளிச்சம் கூரையில் பட்டு இறங்கும். வெள்ளைக் கூரையுள்ள மண்டபத்தில் முகத்தில் நிழலே இல்லாமல் வரும். விலை பேசும் முன் அந்தக் கீலும் தளரவில்லை என்று பார்த்துக்கொள்.

ஓசூர் ஷிஃப்ட்

மொழியையும் பார்த்துவிடுங்கள். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கு விற்ற சோனி கேமரா என்றால் மெனு ஜப்பானிய மொழியில் மட்டும்தான் இருக்கும், செட்டிங்கில் மாற்ற வழியில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் அப்படிப்பட்டவை சுற்றுகின்றன. செட்டிங்கில் மொழிப் பட்டியல் இருக்கிறதா என்று விற்பவரிடம் ஃபோனிலேயே படம் அனுப்பச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள், பஸ் செலவாவது மிஞ்சும். தனியாகப் போக வேண்டாம் என்றால் நானும் வருகிறேன், இந்த வாரம் எனக்குக் காலை ஷிஃப்ட். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் பஸ் ஸ்டாண்டு வந்து எழுதுங்கள். செய்தித்தாளும் செல்லோ டேப்பும் நான் கொண்டுவருகிறேன்.